லிஃப்ட் நின்ற கோடை

லண்டனில், கனரி வோர்ஃபில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அப்போது துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். என் பொறுப்பு லிஃப்ட்டுகள். கதவுகளில் பதிந்த கைரேகைகளைத் துடைக்க வேண்டும், பொத்தான்களைத் துடைக்க வேண்டும், உள்ளே இருக்கும் கண்ணாடியில் யாரோ தலை சாய்த்து நின்ற எண்ணெய்த் தடத்தை அழிக்க வேண்டும். கோட் போட்டவர்கள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்த லிஃப்ட்டுகள் நின்று நான் கண்டதில்லை. ஒரேயொரு முறை ஒன்று கதவை மூடாமல் அடம்பிடித்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த லிஃப்ட்டைத் துடைத்து முடிப்பதற்குள், கருவிப் பெட்டியோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் லிஃப்ட்டுகளுக்கு அந்த மரியாதை இல்லை. அங்கேயும் இரண்டு லிஃப்ட் இருந்தன. ஒன்று ஒற்றை எண் மாடிகளில் நிற்கும், மற்றது இரட்டை எண் மாடிகளில் நிற்கும். எங்கள் வீடு பதினோராம் மாடி. ஒற்றை லிஃப்ட் பனிக்காலத்திலேயே செத்துப்போய், கதவில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. நாங்கள் இரட்டை லிஃப்ட்டில் பன்னிரண்டுக்குப் போய் ஒரு மாடி இறங்கி வீட்டுக்கு வருவோம். அதற்குப் பழகிவிட்டோம். அகதியாக வந்தவர்களுக்குப் பழகுவதைத் தவிர வேறு என்ன தெரியும் என்று கட்டடத்தைப் பராமரிக்கும் கம்பனி நினைத்திருக்கலாம்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டேன். ஜெர்மனியில் பல வருடங்கள் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தேன். இரண்டு நாட்டு மொழிகளும் அரைகுறை. லிஃப்ட்டுக்குள் நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, குனிந்தே நிற்பேன். கட்டடத்து ஆட்களைச் சப்பாத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பெயின்ட் துளி விழுந்த கனத்த சப்பாத்து என்றால் ஒன்பதாம் மாடியில் இருக்கும் கானா நாட்டுக்காரர். தங்க நிறச் செருப்பு என்றால் நாலாம் மாடி வங்காளப் பெண்மணி. ஆங்கிலத்தில் பேச வேண்டிய இடத்துக்கெல்லாம் மகளை முன்னுக்கு விட்டுவிட்டு நான் பின்னால் நிற்பேன். டொக்டரிடமும் பேங்கிலும் அவள் வாய்தான் என் வாய்.

அந்த மகள் 2009இல் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சரித்திரப் பாடத்தில் அமெரிக்கா இருந்தது. தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் அந்த நாட்டு நகரங்களை இயந்திரங்கள் எப்படி மாற்றின என்பது அதில் ஒரு பகுதி. படித்ததை யாருக்காவது சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். நான் வேலையால் வந்து சோற்றுக் கோப்பையோடு உட்காரும்போது பிடித்துக்கொள்வாள்.

“அப்பா, நான் சொல்லுறன். நீங்கள் கேள்வி கேளுங்கோ.”

“எனக்கென்ன கேள்வி தெரியும் பிள்ளை?”

“எதெண்டாலும் கேளுங்கோ. சும்மா ஓம் ஓம் எண்டு தலையாட்டாதேங்கோ.”

அப்படித்தான் அந்த நகரங்கள் எங்கள் குசினிக்குள் வந்தன. முதலில் குதிரைகள் இழுத்த வண்டிகளும் தெருவெல்லாம் குதிரைச் சாணமும் வந்தன. நடந்து போகக்கூடிய தூரத்துக்குள்தான் வேலைக்காரர் வீடு எடுக்க முடிந்ததாம். மின்சார டிராம் வந்தபிறகு நகரம் கை கால் நீட்டியது. மின்விளக்கு வந்தபிறகு கடைகள் இருட்டிய பிறகும் திறந்திருந்தன, தொழிற்சாலை முதலாளிகள் இரவையும் வேலை நேரம் ஆக்கினார்கள். அந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: “அப்ப லைட் வந்தது நல்லதோ கூடாதோ?” மகள் என்னைப் பார்த்துச் சிரித்து, “அதுதான் அப்பா எக்ஸாம் கேள்வியே” என்றாள்.

எனக்கு மிகவும் பிடித்தது லிஃப்ட்டின் கதை.

“லிஃப்ட் வரமுன்னம் வசதியானவை எல்லாம் கீழ்மாடி, அப்பா. மேலை போகப் போக ஏழையள், வேலைக்காரர். ஆர் படியேறுவினம்? லிஃப்ட் வந்தாப் பிறகு எல்லாம் தலைகீழ். பணக்காரர் மேலை போயிட்டினம்.”

அடுப்படியில் நின்ற மனைவி திரும்பாமலே சொன்னாள்: “அப்ப நாங்களும் பணக்காரர்தான். பதினோராம் மாடி.”

முதலில் சனங்கள் லிஃப்ட்டை நம்பவில்லையாம். ஒருவர் ஒரு கண்காட்சியில் லிஃப்ட் மேடையில் உயர ஏறி நின்று, தன்னைத் தாங்கிய கயிற்றை எல்லோர் முன்னாலும் வெட்டச் சொன்னாராம். பக்கத்தில் இருந்த பிடி ஒன்று மாட்டி, மேடை விழாமல் நின்றுவிட்டதாம். வெட்டியவன் யார் என்று நான் கேட்டேன். அது புத்தகத்தில் இல்லை என்று மகள் சொன்னாள். எனக்கு அவனைப் பற்றித்தான் யோசனையாக இருந்தது. மேடை விழுந்திருந்தால் பழி அவன் தலையில்தானே விழுந்திருக்கும்.

அந்தக் கதைகளில் ஒன்று எனக்குள் நின்றுவிட்டது. இயந்திரம் முதலில் வந்தது, உயரம் பிறகுதான் வந்தது. ஆட்களை உயரத்தில் குடிவைத்துவிட்டு இயந்திரத்தைப் பிறகு பார்ப்போம் என்று அந்த நாட்டில் எவரும் கட்டத் தொடங்கவில்லை.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வாகனம் கீழே வந்து நிற்கும். போய்ப் பாதிநாள் ஓர் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்தால், அது இரத்தத்தைச் சுத்தமாக்கி, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் எடுத்துவிடும். ஒருநாள் தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் தண்ணீர் நெஞ்சுக்குள் ஏறும். அதை அங்குள்ள தாதி எனக்குக் கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டி விளங்கப்படுத்தினார். ஆக, என் மனைவியின் உயிர் இரண்டு இயந்திரங்களில் தொங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்த இயந்திரம் ஒழுங்காக ஓடியது.

யூன் மாதம் இரட்டை லிஃப்ட்டும் நின்றது.

அந்த வருடத்து வசந்தத்தில் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் இருந்தார்கள். நானும் வேலை முடிந்து அப்படியே போய் இருந்திருக்கிறேன். கோஷம் போட எனக்கு வாய் வராது, போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பேன். பொறுங்கள், பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள் என்று பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மே மாதம் ஊரில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு, பொறுங்கள் என்ற சொல்லைக் கேட்டாலே என் உடம்பு எரிந்தது.

மகள் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். பொறுங்கள் என்றார்கள். ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். எப்போது வரும்? சொல்ல முடியாதாம்.

செவ்வாய்க்கிழமை மனைவி படியால் நடந்து இறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். இறங்கியது பெரிதில்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவள் பிழிந்த துணிபோல இருப்பாள். வாகனத்தில் வந்த ஊழியர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் இத்தனை மாடிக்கு நோயாளியைத் தூக்கக் கூடாது என்பது அவர்களது விதி. படியேறி வரும்போது நாலாம் மாடியில் அவளுக்குக் கண் இருட்டிவிட்டது. வங்காளப் பெண்மணி கதவைத் திறந்து ஓடிவந்து தண்ணீர் நீட்டினார். என் மனைவி தலையை ஆட்டி, விரலால் சிறிதாகக் காட்டி, “ஐஸ்” என்றாள். சிறுநீரக நோயாளிக்குத் தண்ணீரும் அளவோடுதான். ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக் கதிரையில் பொழுதுபடும்வரை இருந்தாள். பிறகு என் முதுகில் சாய்ந்து சாய்ந்து மேலே வந்தாள்.

வியாழக்கிழமை அவளால் எழும்ப முடியவில்லை. அன்றைய டயாலிசிஸ் தவறியது.

அன்று பின்னேரம் கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் நிலைமை எங்களுக்கு விளங்குகிறது, உங்களைத் தற்காலிகமாக வேறு வீட்டுக்கு மாற்றுகிறோம், கீழ்மாடி, தோட்டமும் இருக்கிறது என்றார்கள். எங்கே என்று மகள் கேட்டாள். லண்டனுக்கு வெளியே, ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டிய ஒரு கடற்கரைப் பட்டினம். அங்கே என் வேலை இல்லை. மகளின் பள்ளிக்கூடம் இல்லை. புது ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்குமா என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் மாடியில் முன்பு மூன்று குடும்பங்கள் தற்காலிகமாகப் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்த வீட்டுக் கதவுகளில் இரும்புத் தகடு அடித்திருக்கிறார்கள்.

“நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று மனைவியிடம் கேட்டாள் மகள்.

மனைவி படுத்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கையும் கொஞ்ச நாளைக்கெண்டுதான் வெளிக்கிட்டனாங்கள். இனி ஆரும் என்னைக் கொஞ்ச நாளைக்கு எங்கையும் அனுப்ப ஏலாது.”

பிறகு என்னைப் பார்த்து, “இஞ்சாருங்கோ, என்னைக் கீழை கொண்டுபோற வழியைப் பாருங்கோ. மற்றதைப் பிறகு பாப்பம்” என்றாள்.

நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் கோயிலில் திருவிழா நாளில் சாமி தூக்குகிற ஆட்களுக்குத் தலைவர், எல்லோருக்கும் அண்ணை. ஜெர்மனியிலிருந்தே பழக்கம், தொழில் குழாய் பொருத்துவது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. சாமி தூக்குகிறவன் தன் தோளையும் முன்னால் போகிறவனின் காலையும் கவனித்தால் போதும்.

சனிக்கிழமை காலை அண்ணை மூன்று பேரோடு வந்து சேர்ந்தார். கோயில் தண்டுகள் இரண்டையும் ஐயரிடம் கேட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். சாமியைத் தோளில் சுமக்கும் நீண்ட வைர மரத் தண்டுகள். அவற்றைப் பதினோரு மாடிக்கு ஏற்றவே அவர்களுக்கு மூச்சு வாங்கியது. எங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை நடுவில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, மனைவியை இருத்தி, உயரம் பார்த்து ஆட்களைப் பிரித்து நிறுத்தினார் அண்ணை.

“தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. நாங்கள் ஆரைத் தூக்கினாலும் ஆட்டமாட்டம்.”

“தேங்காய் ஒண்டும் உடைக்கேல்லையோ அண்ணை?”

“கீழை போய் உடைப்பம். இஞ்சை உடைச்சா சிரட்டை ஆற்றையும் தலையிலை விழும்.”

சப்பாத்தோடு சாமி தூக்கிப் பழக்கமில்லை. யாரும் சொல்லாமலே ஐந்து பேரும் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டோம். தூக்கி வாசலால் வெளியே வந்து படியில் இறங்கினோம். முதல் வளைவிலேயே நின்றுவிட்டோம். கோயில் வீதி அகலமானது, தேர் திரும்பும் இடம். இந்தப் படிக்கட்டின் வளைவோ ஒரு கட்டில் திரும்பவும் போதாது. தண்டின் ஒரு நுனி சுவரில் இடித்தது, மறு நுனி கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. மனைவி மேலே கதிரையில், நாங்கள் கீழே வெறுங்காலோடு. ஐந்து பேர் இருந்தோம், அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி தூக்குவது என்றால் தண்டு என்று கை தானாகப் போயிருக்கிறது.

“நல்லகாலம்,” என்றாள் மனைவி, “சாமியெண்டா இந்நேரம் கோவிச்சிருக்கும்.”

ஒருவாறு நுனியை விடுவித்து, பின்பக்கமாகவே ஏறி வீட்டுக்கு வந்தோம். அண்ணை தன் வானுக்கு ஓடிப்போய், கட்டையான இரண்டு இரும்புக் குழாய்களைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். தோளில் உறுத்தாமல் துவாய் சுற்றி, கதிரையில் கட்டினோம். இந்த முறை வளைவுகளில் திரும்ப முடிந்தது. இறங்கும்போது கீழே நிற்பவர்கள் குழாயைத் தோளுக்கு மேல் உயர்த்துவார்கள், மேலே நிற்பவர்கள் இடுப்பளவில் தாழ்த்திப் பிடிப்பார்கள், நடுவில் இருப்பது சாயாது. கோயில் படியில் வருடா வருடம் செய்வதுதான். இன்னொரு வழக்கமும் எங்களோடு வந்தது. ஒருமுறை தூக்கினால் இருப்பிடம் வரும்வரை கீழே வைப்பதில்லை. களைத்தவன் தோளை மாற்றிக் கொடுப்பான், சுமை நிலத்தில் படாது. மூத்திர வாடை அடித்த அந்தச் சீமெந்துப் படியில் அப்படித்தான் அவளைக் கொண்டுபோனோம். மாடிக் கதவுகள் திறந்தன. தங்களையறியாமல் சிலர் கைகூப்பினார்கள், சிலர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். கானாக்காரர் ஒரு வார்த்தையும் கேட்காமல் வந்து ஒரு நுனிக்குத் தோள் கொடுத்தார். அன்றுதான் நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

அன்றைய டயாலிசிஸ் தவறவில்லை. திரும்பும்போதும் அதே தோள்கள்.

ஆனால் அதைக் கம்பனியின் ஆள் ஒருவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கதவடியில் ஒரு தாளைத் தள்ளிவிட்டுப் போனார்கள். மகள் வாசித்தாள். படிக்கட்டில் ஆட்களைத் தூக்கிச் செல்வது தடைசெய்யப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக்கு ஆபத்து. மாற்று வீட்டைத் திங்கட்கிழமை மாலைக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால், நாங்களாகவே மறுத்ததாகக் கருதப்படும்.

“நாளைக்கு எனக்கு ஹிஸ்ட்ரி எக்ஸாம்,” என்றாள் மகள். அழுகிற குரல். “நான் எக்ஸாமுக்குப் போகேல்லை. அவையோடை கதைக்கிறன்.”

“நீ எக்ஸாமுக்குப் போ,” என்றேன்.

“அப்ப ஆர் கதைக்கிறது?”

மனைவிதான் சொன்னாள்: “அப்பாவுக்கும் வாய் இருக்குது. சோறு தின்னேக்கை பாத்திருக்கிறன்.”

திங்கட்கிழமை மகள் பரீட்சைக்குப் போனாள். அண்ணையும் ஆட்களும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். சனிக்கும் செவ்வாய்க்கும் இடையில்தான் இடைவெளி நீளம், அதனால் திங்களன்று மனைவியின் உடம்பில் தண்ணீர் மிகக் கூடுதலாக இருக்கும். கால்கள் வீங்கிப் பளபளத்தன.

“இண்டைக்கு நான் பாரம் கூட, அண்ணை.”

“தேர்த்திருவிழாவிலையும் சாமிக்கு நகை கூடத்தான் தங்கச்சி.”

கம்பனியின் அலுவலகம் பக்கத்துத் தெருவில் இருந்தது. வழக்கமாக வாகனம் நிற்கும் இடத்தைத் தாண்டி, அவளைத் தோளில் வைத்தபடியே தெருவால் நடந்தோம். வெறுங்கால். பஸ் ஒன்று எங்களுக்காக நின்றது. அலுவலகக் கதவு நல்ல அகலம், நல்ல உயரம், கதிரை இடிக்காமல் உள்ளே போனது. அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளம்பெண் இருந்தாள். தடுப்பு ஆள் உயரம்தான். மனைவி அதற்கு மேலால் அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தாள். அந்த இடத்தில் யாரும் அப்படி மேலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி நடந்தது ஆங்கிலத்தில். எனக்கு வந்த அளவு ஆங்கிலம்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

“தயவுசெய்து அவரைக் கீழே இறக்குங்கள்,” என்றாள் அந்தப் பெண்.

நான் அண்ணைக்குச் சொன்னேன். அண்ணையின் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். “தூக்கினா இடையிலை இறக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லையெண்டு சொல்லடா,” என்றார்.

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “என்ன?” என்றாள் அந்தப் பெண். இரண்டாம் முறை பலமாகச் சொன்னேன். நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. வாசலில் நின்ற காவலாளி நிமிர்ந்து பார்த்தார்.

“இறக்கினால் அவரின் இடத்தில்தான் இறக்குவோம்,” என்றேன். “அவரின் இடம் பதினோராம் மாடி.”

“உங்களுக்கு ஒரு நல்ல வீடு தந்திருக்கிறோம். தற்காலிகமாக.”

“வேண்டாம்.”

“இங்கே லிஃப்ட் இல்லாமல் எப்படி இருப்பீர்கள்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரேயொரு பதில்தான் இருந்தது. அது மகள் குசினியில் சொன்னது. வந்த சொற்களை வைத்துக்கொண்டு சொன்னேன்: “அமெரிக்காவில் முதலில் லிஃப்ட் வந்தது. பிறகு உயரமான வீடு வந்தது. லிஃப்ட் இருக்கிறபடியால்தான் உயரமான வீடு. நீங்கள் எனக்கு உயரமான வீடு தந்தீர்கள். வாடகை எடுக்கிறீர்கள். அப்போது லிஃப்ட்டும் தாருங்கள்.”

“அமெரிக்காவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்றாள் அந்தப் பெண். காவலாளி சிரித்துவிட்டார். விளக்கம் சொல்ல என்னிடம் இனி ஆங்கிலம் இல்லை. நிலத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆனால் தோளில் குழாய் அழுத்திக்கொண்டிருந்தது, குனிந்தால் கதிரை சாயும். அதனால் குனியவில்லை.

“லிஃப்ட்,” என்றேன்.

“பாகம் வரும்வரை பொறுங்கள் என்று சொன்னோமே.”

“பொறுக்கமாட்டோம். லிஃப்ட்.”

அவள் எது சொன்னாலும் நான் அதையே சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் நிறுத்தவில்லை. இதற்கிடையில், நாங்கள் தெருவால் போனதைப் பார்த்த கட்டடத்து ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வங்காளப் பெண்மணி தன் இரண்டு மருமக்களோடு வந்தார். கானாக்காரர் பெயின்ட் வாளியோடு, வேலைக்குப் போகும் வழியில் வந்து, வாளியை வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். நாலாம் மாடிக்காரருக்கும் ஒன்பதாம் மாடிக்காரருக்கும் சொல்ல ஆங்கிலம் நிறைய இருந்தது. சந்தை விலை பேசுவதுபோல ஒரே இரைச்சல்.

அந்த இரைச்சலுக்குள் என் மனைவி தடுப்புக்கு மேலால் குனிந்து, அந்தப் பெண்ணின் மேசையில் இருந்த தொலைபேசியைக் கையால் காட்டினாள். தமிழில்தான் சொன்னாள்: “பிள்ளை, உந்தப் போனை எடுத்து உங்கடை ஆக்களோடை ஒருக்காக் கதையம்மா. நான் இதிலை எவ்வளவு நேரம் இருக்கிறது?”

அந்தப் பெண் மனைவியின் வீங்கிய கால்களைப் பார்த்தாள். அவை அவளது முகத்துக்கு நேரே தடுப்புக்கு அப்பால் இருந்தன. தொலைபேசியை எடுத்தாள்.

லிஃப்ட் திருத்துகிறவர்களோடு அவள் பேசியதைக் கானாக்காரர் எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு நின்றார். செத்த ஒற்றை லிஃப்ட்டில் அதே பாகம் நல்லபடி இருக்கிறதாம். கழற்றி இரட்டை லிஃப்ட்டுக்குப் போடலாம், அரைநாள் வேலை. கம்பனி ஓம் என்று சொன்னால் போதும். அதை யாரும் இதுவரை கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. அவள் தன் மேலதிகாரிக்கு எடுத்தாள், பிறகு அவருக்கும் மேலே ஒருவருக்கு. நாங்கள் தோள் மாற்றிக்கொண்டு நின்றோம். எங்கள் ஐந்து பேரில் இளையவன் ஒருமுறை, பழக்கதோஷத்தில், “அரோகரா” என்று முணுமுணுத்தான். அண்ணை அவனை முறைத்துவிட்டுத் தானும் சிரித்தார்.

நாளை விடியற்காலையில் ஆட்கள் வருவார்கள் என்றாள் அந்தப் பெண். நாளை என்றால் செவ்வாய், டயாலிசிஸ் நாள். வாகனம் வருவதற்கு முன் முடியுமா என்று கேட்டேன். முயற்சிப்பார்கள் என்றாள்.

“முயற்சி இல்லை,” என்றேன். “நாளைக்கு லிஃப்ட் ஓடாவிட்டால் நாங்கள் திரும்ப இங்கே வருவோம். இன்னும் ஆட்களோடு வருவோம்.”

மிரட்டுவதுபோல இருந்திருக்கும். இருக்கட்டும். அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு படியேறி, பதினோராம் மாடியில் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்துதான் இறக்கினோம். ஐந்து பேரும் தரையில் விழுந்து கிடந்தோம். மனைவி கதிரையில் இருந்தபடி, “தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் வாகனம் கீழே வந்து ஹோர்ன் அடித்தபோது இரட்டை லிஃப்ட் பன்னிரண்டாம் மாடியில் கதவு திறந்து நின்றது. மனைவியை ஒரு மாடி மட்டும் தூக்கிக்கொண்டு ஏறினேன், தனியாகவே. லிஃப்ட்டுக்குள் அவள்தான் பொத்தானை அமத்தினாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கம்பனி தொலைபேசி எடுத்தது. போனைத் தூக்கியவன் நான். லிஃப்ட் திருப்தியாக ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு, அந்தக் கடற்கரை வீடு இன்னும் இருக்கிறது, உங்கள் மனைவியின் நன்மைக்காகத் தற்காலிகமாக யோசித்துப் பார்க்கலாம், ஒற்றை லிஃப்ட் இனித் திருத்தப்படாது, கட்டடமும் பழையது என்று ஒரு ஆண்குரல் நயமாகப் பேசிக்கொண்டு போனது. மகள் வழக்கம்போல எழும்பிவந்து கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவர் மூச்சு எடுக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன்.

“நாங்கள் போகமாட்டோம். ஒற்றை லிஃப்ட்டையும் திருத்துங்கள். வியாழக்கிழமை வந்து கேட்பேன்.”

வைத்துவிட்டேன். மகள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு சோற்றுக் கோப்பைக்குத் திரும்பினாள்.

“கொஞ்சம் மரியாதையாச் சொல்லியிருக்கலாம்,” என்றாள் மனைவி.

“மரியாதையாத்தான் சொன்னனான்.”

“ஓமோம், கேட்டுது. கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும். வியாழக்கிழமை எனக்கு டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை எண்டு சொல்லியிருந்தா நானும் வந்திருப்பன்.”